மளிகையைக் குறைத்தால் கடன் அடையுமா? வீட்டுச் செலவும் கடனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகைக்கடன், கிரெடிட் கார்டு, கைமாற்று, குழுக் கடன் என்று நாலைந்து இடங்களில் ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக எழுதியது இது. தொழிலுக்கு வாங்கிய கடனும் வீட்டுக் கடனும் இதில் வராது, அவற்றின் கணக்கு வேறு.

பேச வசதியாக ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 42,000 ரூபாய். கார்டில் 60,000 பாக்கி. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 1,00,000. பெர்சனல் லோனில் இன்னும் 1,50,000, அதற்குத் தவணை 6,200. வங்கியில் நகையின் மேல் 2,00,000. மகளிர் குழுவில் 25,000. மொத்தம் 5,35,000. தவணை, வட்டி, வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் 2,000 ரூபாய் கையில் மிஞ்சுகிறது.

மளிகை, காய்கறியைச் சுருக்கினால் கடன் அடைந்துவிடுமா?

அடையாது. இந்தக் குடும்பத்தின் மளிகை, பால், காய்கறி எல்லாம் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய் என்று வையுங்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி 15 சதவீதம் குறைத்தாலும் 1,350 ரூபாய்தான் மிஞ்சும். கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி மட்டும் 2,100. மூன்று வட்டிக் கடனுக்கு 3,000. இரண்டும் சேர்ந்து மாதம் 5,100 ரூபாய் போகிறது, அசலில் ஒரு பைசா குறையாமல். அடுக்களையில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் இதற்கு ஈடு கட்ட முடியாது.

வழக்கமாக, கடன் என்றதும் வீட்டில் முதலில் கை வைக்கும் இடம் சமையலறைதான். முட்டை நிற்கும், பழம் நிற்கும், அந்தப் பொறுப்பு முழுக்க வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். கடன் பெரும்பாலும் அங்கே பிறந்திருக்காது.

அப்படியானால் கடன் எங்கே பிறக்கிறது?

மாதச் செலவு கண்ணுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வரும் செலவு தெரியாது. நம் குடும்பத்துக்கே கணக்குப் போடலாம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம் 45,000. தீபாவளி 20,000. மொய், சீர், கல்யாணத்துக்குப் போய்வரும் செலவு 30,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 8,000. குலதெய்வம் கோயிலும் ஒரு சுற்றுலாவும் 10,000. மருத்துவம் 15,000. கூட்டினால் 1,28,000 ரூபாய்.

மாதம் 2,000 மிஞ்சும் குடும்பம் ஒரு வருடத்தில் சேர்ப்பது 24,000. பாக்கி 1,04,000 எங்கிருந்து வரும்? ஜூனில் கார்டைத் தேய்ப்பார்கள், ஆவணிக் கல்யாணத்துக்குக் கைமாற்று வாங்குவார்கள், தீபாவளிக்கு வளையல் அடகுக்குப் போகும். "மாசா மாசம் சரியாத்தானே ஓட்டுறோம், கடன் எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மாதக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, வருடக் கணக்கைத்தான் யாரும் போடவில்லை.

ஆகவே முதல் வேலை, காலண்டரை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருவது. தையிலிருந்து மார்கழி வரை எந்த மாதம் என்ன பெரிய செலவு வரும் என்று எழுதுங்கள். பத்திரிகை வராவிட்டாலும் யார் வீட்டில் என்ன விசேஷம் வரப்போகிறது என்பது ஓரளவு தெரிந்ததுதானே.

கடன் பட்டியலை எப்படி எழுதுவது?

ஒரு நோட்டில், ஒரு கடனுக்கு ஒரு வரி. யாரிடம், பாக்கி அசல் எவ்வளவு, மாதம் எவ்வளவு போகிறது, அதில் வட்டி எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை சதவீதம். மளிகைக் கடை நோட்டில் நிற்கும் பாக்கி, மச்சினனிடம் வட்டியில்லாமல் வாங்கியது எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

சதவீதத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். "மூணு வட்டி" என்பது நூற்றுக்கு மாதம் மூன்று, அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். கார்டில் "மாதம் 3.5" என்று சின்ன எழுத்தில் இருப்பது வருடத்துக்கு 42. வண்டிக்கடன், பொருள்கடனில் "பன்னிரண்டு சதவீதம், ஃபிளாட்" என்றால் கட்டி முடித்த அசலுக்கும் சேர்த்துக் கடைசிவரை வட்டி போடுகிறார்கள் என்று பொருள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 36,000 வட்டி, தவணை 3,778. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்குச் சமம்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று பேசி 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குவார்கள். "நூறு ரூபாய்தானே" என்று தோன்றும். வருட வட்டியாக மாற்றினால் அது ஏறத்தாழ 120 சதவீதம்.

சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். கடன் விவரம் வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. எப்போதோ யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து அதில் தலைகாட்டலாம்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

வட்டி அதிகமானதை. தண்டல் இருந்தால் அது முதலில், அப்புறம் கார்டு, அப்புறம் மூன்று வட்டி, பெர்சனல் லோன், கடைசியாக வங்கி நகைக்கடன். மற்ற எல்லாவற்றுக்கும் தவணை தவறாமல் கட்டிக்கொண்டு, கூடுதலாகக் கையில் வருவதை முழுவதும் ஒரே கடனில் கொட்டுங்கள். நாலு பேருக்கும் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துக் கொடுத்தால் எல்லோரும் சமாதானமாவார்கள், கடன் அப்படியே நிற்கும்.

சின்னக் கடனை முதலில் அடைத்துவிட்டு அந்தத் தெம்பில் அடுத்ததற்குப் போவது என்று ஒரு முறை உண்டு. மாதம் ஏழெட்டு இடத்துக்குக் கட்டிக் குழம்புகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் மற்றதை விடக் கார்டு வட்டி அதிகமாக இருக்கும்போது அதை வரிசையில் பின்னால் தள்ளக் கூடாது. கார்டில் முழுத் தொகையையும் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலமும் போய்விடும். புதிதாக வாங்கும் சோப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 'குறைந்தபட்சத் தொகை' கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

அடகு நகையில் கூடுதல் பணம் வாங்கி வட்டிக் கடனை அடைக்கலாமா?

பெரும்பாலும் இதுதான் சரியான முதல் அடி. தங்க விலை ஏறிவிட்டதால், சில வருடம் முன்பு வைத்த நகைக்கு இன்று கூடுதல் தொகை கிடைக்க வாய்ப்பு அதிகம். 2026 ஏப்ரல் முதலான ரிசர்வ் வங்கி விதிப்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரை தரலாம்.

நம் குடும்பம் நகைக்கடனை 3,60,000 ஆக உயர்த்தி, கார்டையும் மூன்று வட்டியையும் ஒரே நாளில் முடிக்கிறது என்று வைப்போம். கார்டுக்குக் கட்டிவந்த குறைந்தபட்சம் 3,000, மூன்று வட்டிக் கடனுக்குப் போன 3,000 இரண்டும் நின்றுவிடும். நகைக்கடன் பத்து சதவீதம் என்றால் கூடுதல் வட்டி மாதம் 1,333. ஆக 4,667 ரூபாய் மாதம் கையில் நிற்கிறது. மளிகையில் ஒரு கைப்பிடிகூடக் குறைக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கை. அடைத்த அன்றே கார்டை மூட வேண்டும். மூடாமல் விட்டால் அடுத்த தீபாவளிக்குள் கார்டும் நிறையும், நகைக்கடனும் இருக்கும். நான் பார்த்தவரை இந்த வழி தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான். இரண்டாவது, நகைக்கடன் வட்டியை வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று விடாதீர்கள். 36,000 ரூபாய் ஒரே நாளில் எங்கிருந்து வரும்? மாதம் 3,000 என்று போய்க் கட்டிவிடுங்கள், வங்கிகள் வாங்கிக்கொள்ளும்.

தனியார் அடகு நிறுவனத்தில் வைத்திருந்தால் வட்டி 18, 24 என்று இருக்கும். அதை மீட்டு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றுவது தனியாகவே ஒரு லாபம்.

நகையை விற்றுவிடலாமா? வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்து சதவீத வங்கிக் கடனை அடைப்பதற்காக விற்க அவசரமில்லை. 36, 42 சதவீதக் கடன் இருந்து, அடகில் கூடுதல் தொகையும் கிடைக்காது என்றால் விற்பதுதான் சரி. "தங்கம் ஏறுதே, இப்போ போய் விக்கலாமா" என்பார்கள். தங்கம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். மூன்று வட்டி நிச்சயம் ஏறும்.

எதை விற்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த நகைக்கு உரியவர். அம்மா வீட்டில் போட்ட சங்கிலியை மாமியார் வீட்டுக் கடனுக்கு விற்கச் சொல்லி நெருக்குவது வேறு சண்டையைக் கொண்டுவரும், அந்தச் சண்டையில் நியாயமும் இருக்கும். கல் வைத்த நகைக்குக் கல் எடை கழியும். கல் இல்லாத வளையல், காசு இவற்றில் நஷ்டம் குறைவு. நாலு கடையில் விலை கேளுங்கள். பழையதைக் கொடுத்துப் புதியது எடுக்கும் கடை சொல்லும் விலையும் ரொக்கமாகத் தரும் விலையும் ஒன்றல்ல.

நகை ஏலத்துக்குப் போகப்போகிறது என்று நோட்டீஸ் வந்துவிட்டதா? ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்குங்கள். அதைவிட, ஏலத்துக்கு முன் மீட்டு நீங்களே விற்பது நல்லது.

மொய் செய்யாமல் இருக்க முடியுமா? ஊரில் தலை காட்ட வேண்டாமா?

செய்யாமல் இருக்க முடியாது. அளவை மாற்ற முடியும், அதற்கு மொய் நோட்டை எடுக்க வேண்டும்.

மொய்யில் இரண்டு வகை இருப்பதை முதலில் பிரியுங்கள். ஒன்று நமக்கு வந்து, நாம் திருப்பிச் செய்ய வேண்டியது. இது கடன், நோட்டில் இருக்கும் பெயர்களுக்கு எதிரே தொகையை எழுதிக் கடன் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே தனியாக நடத்துவார்கள். அங்கே வாங்கியதை அடுத்த சுற்றில் கூட்டித் திருப்புவதுதான் முறை. வட்டியில்லாக் கடன் என்று பேச்சுக்குச் சொன்னாலும், கறி விருந்து, பந்தல், பத்திரிகைச் செலவு போகத்தான் கையில் நிற்கும். கடன் கழுத்தை நெரிக்கிறது என்பதற்காக விருந்து வைத்துப் பணம் திரட்ட நினைப்பவர்கள், வருவதில் பெரும் பகுதி நாளை திருப்ப வேண்டியது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, நமக்கு அவர்கள் செய்யாத இடத்தில் நாம் புதிதாகச் செய்வது. அலுவலகத்தில் யாரோ, தெருவில் யாரோ, பேஸ்புக்கில் மட்டும் பழக்கமானவர் வீட்டுக் காதுகுத்து. இங்கே தாராளமாகக் குறைக்கலாம். 1,001 எழுதும் இடத்தில் 201 எழுதினால் யாரும் மைக்கில் திட்டப்போவதில்லை.

தாய்மாமன் சீர்தான் சிக்கலானது. தட்டு வரிசை 21, 51 என்று கூடிக்கொண்டே போகிறது, மேளதாளத்தோடு லாரியில் சீர் போகும் ஊர்களும் உண்டு. தங்கையிடம் முன்கூட்டியே, தனியாக, நேரில் பேசுவதைத் தவிர வேறு வழி இல்லை. "இவ்வளவுதான் முடியும், நகை பிறகு செய்கிறேன்" என்று மூன்று மாதம் முன்பு சொன்னால் வருத்தப்படுவார், ஏற்பாட்டை மாற்றிக்கொள்வார். அன்று காலையில் குறைந்த தட்டோடு போய் நின்றால்தான் பேச்சு வரும். பெரும்பாலான தங்கைகள், அண்ணன் மூன்று வட்டிக்கு வாங்கிச் சீர் செய்வதை விரும்புவதில்லை. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு விசேஷத்தைப் பொறுத்தவரை, கடன் தீரும்வரை மண்டபம் வேண்டாம். மஞ்சள் நீராட்டு விழாவை மொய் வரும் என்று நம்பி நடத்துவது சூதாட்டம் மாதிரி. மழை பெய்தால், முகூர்த்த நாளாக இருந்து ஆட்கள் பிரிந்து போனால், மண்டப வாடகைக்கே பற்றாது.

பள்ளிக் கட்டணம் பெரிய பாரமாக இருக்கிறது. பிள்ளையைப் பள்ளி மாற்றலாமா?

இது வெறும் பணக் கேள்வி இல்லை, அதனால் ஒரே பதில் கிடையாது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளையை நடுவில் மாற்றாதீர்கள். ஆறாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளை என்றால் யோசிக்கலாம். பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (2020 முதல்) உண்டு. அப்படிப் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் (2022), பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024) மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். வருடம் 40,000 கட்டி முடித்த பிறகு இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

மாற்ற வேண்டாம் என்றால் கட்டணத்தைச் சுற்றியிருப்பதைப் பாருங்கள். வேன், அபாகஸ், பள்ளியே விற்கும் ஷூ. அரசுப் பேருந்தில் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. வேனை நிறுத்தினாலே வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் மிஞ்சும் வீடுகள் நிறைய. கட்டணத்தை மூன்று, நான்கு தவணையாகக் கட்ட அனுமதி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மாதச் செலவில் எதைத்தான் குறைப்பது?

சாப்பாட்டின் தரத்தைத் தொடாமல் குறைக்க முடிந்தவை இருக்கின்றன.

ரேஷனை முழுக்க வாங்குங்கள். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பிலும் எண்ணெயிலும் மட்டும் மாதம் 150, 200 மிஞ்சும். ரேஷன் புழுங்கலரிசி இட்லி, தோசை மாவுக்கு நன்றாகவே வரும், மாவுப் பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம். காய்கறிக்குப் பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் வாரம் ஒரு காலை அங்கே போகலாம்.

கரண்ட் பில்லில் ஒரு சூட்சுமம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிகக் கட்டணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை, கீழ்ப் படியிலிருந்த சலுகை விலையும் போய்விடும். 500-க்கும் 501-க்கும் நடுவில் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பார்த்து, 460, 470-ல் இருந்தால் ஏசியைக் கொஞ்சம் அடக்கினால் போதும்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து இலவசப் பயணம் உண்டு. மருந்துக்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாதா மாதம் மாத்திரை வாங்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்டு ஜெனரிக் மருந்துக்கு மாறினால் பாதிக்குப் பாதி குறையும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எடுத்து வையுங்கள். சொந்த வீடாக இருந்தால் சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்த மாதத்துக்குள்ளேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை.

அப்புறம் வெளியே போகும் காசு. ஜிபே, போன்பே கணக்கை ஒரு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு டீ, ஒரு வடை என்று தினம் 40 ரூபாய் என்றால் 26 வேலை நாளில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. வாரம் இரண்டு குவார்ட்டர் இன்னொரு ஆயிரம். அடுக்களையில் 1,350 மிச்சம் பிடி என்று சொல்லும் கணவர் இந்த இரண்டாயிரத்தையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பேச வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெர்சனல் லோனாக மாற்றலாமா?

கார்டையும் மூன்று வட்டியையும் 14, 16 சதவீதக் கடனாக மாற்றினால் லாபம்தான். நகைக்கடனை அதில் சேர்க்காதீர்கள். புதுக் கடனின் செயலாக்கக் கட்டணம், கூடவே தலையில் கட்டும் இன்சூரன்ஸ், பழைய கடனை முன்கூட்டி முடிக்கும் கட்டணம் இவற்றைக் கூட்டிப் பாருங்கள். பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, முன்கூட்டி முடித்தால் கட்டணம் கேட்பார்கள். தவணை குறைகிறது என்று ஐந்து வருடத்துக்கு இழுத்தால் மொத்த வட்டி பழையதைவிடக் கூடிவிடலாம்.

கடன் இருக்கும்போது சீட்டுப் போடலாமா?

42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு நகைச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் கட்டுவதில் அர்த்தமில்லை, முடிந்ததும் புதிதாகச் சேராதீர்கள். ஆனால் வருடச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது வேறு. அது நின்றால் மறுபடி கடன்தான். தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ ஒரு ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் சேமிப்பு) போதும்.

ஏலச்சீட்டில் ஏற்கெனவே இருக்கிறீர்கள் என்றால், தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகமில்லாத மாதத்தில் எடுத்து வட்டிக் கடனை அடைக்கப் பார்க்கலாம். பதிவு செய்யாத சீட்டு என்றால் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறீர்களோ அவ்வளவு நல்லது.

குழுக் கடனில் வாரா வாரம் நெருக்குகிறார்கள். ஒருவருக்காக எல்லோரும் கட்ட வேண்டுமா?

கூட்டுப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டிருந்தால் நெருக்கடி வரத்தான் செய்யும். ஆனால் 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது. ஒரு குழுக் கடனைக் கட்ட இன்னொரு குழுவில் சேருவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே தெருவில் நாலு குழுவில் பெயர் இருப்பவர்களின் கதை பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கியது.

மிரட்டுகிறார்கள். வீட்டு வாசலில் நின்று கத்துகிறார்கள். என்ன செய்வது?

யார் மிரட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வங்கி, நிதி நிறுவனத்தின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, உறவினர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 வரை அபராதம். காவல் நிலையத்தில் எடுபடவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும், எண் 15100. கொடுத்த வெற்றுக் காசோலை, வெற்றுப் புரோநோட்டு எத்தனை என்பதையும் இதுவரை கட்டியதற்கான ஆதாரத்தையும் எழுதி வையுங்கள். ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்தி வங்கி வழியாக அனுப்பினால் ஆதாரம் தானாகச் சேரும்.

போன் ஆப்பில் வாங்கிய கடனுக்குப் படத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டினால், பயந்து இன்னொரு ஆப்பில் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். முறையான கடன் ஆப் உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது.

மனசு தாங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 14416 அல்லது 104 எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். இன்றைக்கே பேசுங்கள், கடன் விஷயத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வங்கியில் "செட்டில்மெண்ட்" பேசுகிறார்கள். பாதிக் காசில் முடிந்துவிடுமாமே?

முடியும். ஆனால் சிபில் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்பதற்குப் பதில் 'செட்டில்' என்று பல வருடம் நிற்கும், அடுத்த கடன் கிடைப்பது கடினம். கட்டவே வழியில்லாத நிலையில் மட்டும் இதற்குப் போங்கள். தொகை, தேதி எல்லாம் நிறுவனத்தின் கடிதத்தில் வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும், போனில் பேசுகிறவர் வார்த்தையை நம்பி அல்ல.

தேர்தல் வந்தால் நகைக்கடன் தள்ளுபடி வருமே, காத்திருக்கலாமா?

வேண்டாம். 2021 தேர்தலுக்குப் பிறகு கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி ஆனது உண்மைதான். ஆனால் சரிபார்ப்பில் நகைக்கடன்களில் பெரும்பகுதி தகுதி இல்லை என்று கழிந்தது. தள்ளுபடியை நம்பி வட்டியைக் கட்டாமல் விட்டவர்கள் சேர்ந்துபோன வட்டியோடு நின்றார்கள். தள்ளுபடி வந்தால் வரட்டும், அதை நம்பி நம் கணக்கை எழுதக் கூடாது.

வீட்டில் சொல்லாமல் கடன் வாங்கிவிட்டேன். இப்போது எப்படிச் சொல்வது?

மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். முதலில் ஐம்பதாயிரம், போன வாரம் இன்னும் இருபது, இப்போது இன்னொன்று என்று துண்டு துண்டாக வெளியே வந்தால், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏமாந்த மாதிரி இருக்கும். மேலே சொன்ன பட்டியலை எழுதி, எந்தக் கடனை எந்த மாதம் முடிக்கலாம் என்ற கணக்கோடு உட்காருங்கள். பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேச வேண்டிய விஷயம் இல்லை இது, முதலில் இருவர் போதும். பிள்ளைகள் வளர்ந்திருந்தால் "இந்த வருடம் தீபாவளி சின்னதாகத்தான்" என்ற அளவில் அவர்களுக்கும் சொல்லலாம்.

நம் மாதிரிக் குடும்பம் எப்போது வெளியே வரும்?

நகைக்கடனை உயர்த்திக் கார்டையும் மூன்று வட்டியையும் முடித்தார்கள், மாதம் 4,667 மிஞ்சியது. ஏற்கெனவே மிஞ்சும் 2,000 சேர்ந்து 6,667. வருடச் செலவு 1,28,000-ஐ 80,000 ஆக இறக்குகிறார்கள்: தீபாவளியில் 10,000, விசேஷங்களில் 15,000, சுற்றுலா 10,000, பள்ளி வேன் வகையறாவில் 13,000. அந்த 80,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,667. அதாவது இவ்வளவு செய்தபிறகு முதல் வருடத்தில் கடன் புதிதாக ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

மளிகை, டீ, கரண்ட் எல்லாவற்றிலும் சேர்த்து மாதம் 1,500 மிச்சம் பிடித்தால் நகைக்கடன் மெல்ல இறங்கத் தொடங்கும். பத்து மாதத்தில் குழுக் கடன் முடிந்து 2,800 விடுபடும், அதையும் அங்கேயே கட்டலாம். முப்பதாவது மாதத்தில் பெர்சனல் லோன் முடிந்து 6,200 விடுபடும். அதன்பின் வேகம் பிடித்து, வேலை போகாமல், பெரிய நோய்நொடி வராமல் இருந்தால் நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நடுவில் தீபாவளி போனஸ் வந்தால் அதில் பாதி நகைக்கடனுக்கு, பாதி வீட்டுக்கு.